குண்டுப் பூனையை மெலிய வைப்பது எப்படி: பட்டினி போடாமல், தராசை வைத்து

பூனை குண்டாகிவிட்டது என்று யாராவது சொன்னதும் பல வீடுகளில் நடக்கும் முதல் காரியம், தட்டை எடுத்து மேலே வைத்துவிடுவது. "ரெண்டு நாள் கிடக்கட்டும், தானா இளைச்சிடும்" என்பார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து மொத்தமாகக் கல்லீரலுக்கு வந்து சேரும். அவ்வளவு கொழுப்பையும் ஒரே நேரத்தில் பூனையின் கல்லீரலால் கையாள முடியாது. அது அங்கேயே தேங்கி, கல்லீரல் வேலை செய்வதை நிறுத்தத் தொடங்கும். ஈறு, கண்ணின் வெள்ளைப் பகுதி, காது மடலின் உட்புறம் எல்லாம் மஞ்சளாகும். எச்சில் வடியும், வாந்தி வரும், பூனை மூலையில் சுருண்டு கிடக்கும். அந்த நிலையில் குழாய் வழியாக வாரக்கணக்கில் உணவு ஏற்றித்தான் காப்பாற்ற வேண்டும். எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை.

ஆகவே மெதுவாக, அளந்து, தினமும் சாப்பிட வைத்துக்கொண்டே இளைக்க வைப்பதுதான் ஒரே வழி. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது 30 முதல் 60 கிராம். கேட்பதற்குச் சொற்பமாக இருக்கும், ஆனால் அதுதான் பாதுகாப்பான வேகம். ஒன்றரை கிலோ குறைய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே குண்டுதானா?

கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதுதான் சரி. பெர்சியன் போன்ற முடி அடர்ந்த பூனைகளில் கண் ஏமாந்துபோகும். பூனை நிற்கும்போது இரண்டு உள்ளங்கையையும் விலாவின் இருபுறமும் வைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள். உங்கள் கையை விரித்து வைத்துப் புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவினால் எப்படித் தட்டுப்படுகிறதோ, விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கைப் பக்கம் தடவுவதுபோல எலும்பைத் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். அழுத்தினாலும் எலும்பு கிடைக்கவில்லை, மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்காமல் வெளியே பிதுங்குகிறது, வால் தொடங்கும் இடத்தில் கொழுப்பு மேடு இருக்கிறது என்றால் நன்றாகவே குண்டு.

பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கி ஆடும் தோல்மடிப்பை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒல்லிப் பூனைக்கும் அது இருக்கும், அது இயற்கை. அதேபோல முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருக்க, வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது கொழுப்பே அல்ல. குடற்புழுவாக இருக்கலாம், வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், பெட்டைப் பூனை என்றால் சினையாகவும் இருக்கலாம். அந்தப் பூனைக்கு உணவைக் குறைப்பது கொடுமை. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டி, சினைப் பூனை, பால் கொடுக்கும் தாய்ப்பூனை ஆகியவற்றுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது.

தொடங்கும் முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. கடலூர்ப் பக்கம் அரசுக் கால்நடை மருத்துவமனையும் தனியார் கிளினிக்குகளும் உண்டு. பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அதிகமாகச் சிறுநீர் போகிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே இன்சுலின் போடும் பூனை என்றால் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் உணவைக் குறைக்கவே கூடாது. எடை குறையக் குறைய இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அரிப்புக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது பசியைக் கிளப்பும்.

ஒரே தராசு போதும்

10 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். தீனிக்கும் அதுவே, பூனைக்கும் அதுவே. நாம் ஏறி நிற்கும் எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழிக்கும் முறை இதற்கு உதவாது. அதில் 100 கிராம் இப்படி அப்படி காட்டும். நாம் தேடுவதோ வாரத்துக்கு 40, 50 கிராம் வித்தியாசத்தை.

தராசின் தட்டு சின்னது. பெட்டியை நேராக வைத்தால் எண் தெரியும் இடத்தை மறைத்துவிடும். அதனால் அகலமான, கனமில்லாத டப்பா ஒன்றைத் தட்டின்மேல் கவிழ்த்து, அதன்மேல் பூனை உட்காரும் அளவு அட்டைப்பெட்டியை வையுங்கள். 'டேர்' பொத்தானை அழுத்தி சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். பெட்டிக்குள் நாலைந்து தீனித் துண்டு போட்டால் பூனை தானாக ஏறும். பெட்டியை லேசாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும், பிடிக்காதீர்கள், கை பட்டால் கணக்கு போச்சு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலைத் தீனிக்கு முன்னால் எடை போட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். தினமும் போட வேண்டாம். குடித்த தண்ணீர், போன மலம் இவற்றாலேயே எண் மேலும் கீழும் போய் மனதைக் கலைக்கும்.

கணக்கு

முதலில் இலக்கு எடை. தடவிப் பார்த்ததில் எலும்பைத் தேட வேண்டியிருந்தால் 10 முதல் 20 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பே கிடைக்காமல் இடுப்பும் பிதுங்கினால் 30 சதவீதம் அல்லது அதற்கும் மேல். 6 கிலோ பூனை 30 சதவீதம் கூடுதல் என்றால் 6-ஐ 1.3-ஆல் வகுக்க வேண்டும். 4.6 வரும். 4.5 கிலோ என்று இலக்கு வைக்கலாம்.

இலக்கு எடைக்கு எவ்வளவு கலோரி என்பதற்குச் சாதாரண கால்குலேட்டர் போதும். இலக்கு எடையை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள் (4 × 4 × 4 = 64). வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டுங்கள் (2.83). அதை 70-ஆல் பெருக்கினால் 198. இது படுத்துக் கிடக்கும் உடம்புக்கே தேவைப்படும் சக்தி. இளைப்பதற்கு அதில் 80 சதவீதம், அதாவது 158. சுமாராகச் சொன்னால் 3 கிலோ இலக்குக்கு நாளொன்றுக்கு 130 கலோரி, 3.5-க்கு 145, 4-க்கு 160, 4.5-க்கு 175, 5-க்கு 185. நம் ஊர் நாட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். நீங்களாக இதற்குக் கீழே வெகுதூரம் இறங்காதீர்கள். சாதாரண தீனியை அதற்கும் கீழே குறைத்தால் கொழுப்போடு புரதமும் சத்தும் சேர்ந்து குறைந்து, பூனை சதையை இழக்கும்.

அடுத்து, தீனியில் எவ்வளவு கலோரி இருக்கிறது என்று தெரிய வேண்டும். சில பாக்கெட்டில் ஒரு கிலோவுக்கு 3,500 என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். பத்தால் வகுத்தால் 100 கிராமுக்கு 350. பல பாக்கெட்டில் அது இருக்காது, புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் மட்டும்தான் இருக்கும். அதிலிருந்தே போட்டுவிடலாம். உதாரணமாகப் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 9 என்றால், 100-இலிருந்து எல்லாவற்றையும் கழித்த மீதி 37 மாவுச்சத்து. சாம்பல் அளவு போடவில்லை என்றால் உலர்தீனிக்கு 8 என்று எடுத்துக்கொள்ளுங்கள். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 105 + 130 + 85 = 320 கலோரி. 175 கலோரி வேண்டிய பூனைக்கு இந்தத் தீனி நாளைக்கு 55 கிராம். அவ்வளவுதான். ஒரு கை அள்ளி அதைத் தராசில் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைக்கும் வீட்டில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது அப்போது புரியும்.

சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து லூஸில் நிறுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவுதான், ஆனால் என்ன தீனி, எத்தனை கலோரி, எப்போது பிரித்தது என்று எதுவும் தெரியாது. இளைக்க வைக்கும் காலத்திலாவது வாங்காதீர்கள். கடற்கரை ஊர் ஈரத்துக்கு, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பிரித்த பாக்கெட் சீக்கிரம் நமுத்துப் பூசணம் பிடிக்கும். ஒரு கிலோ பாக்கெட்டாக வாங்கி, பையோடு எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடுங்கள்.

முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள். இப்போது சாப்பிடுவதை அப்படியே எடை போட்டு எழுதுங்கள், பாலும் மீனும் உட்பட. 260 கலோரி வருகிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த வாரம் 230, அதற்கடுத்து 200, பிறகு 175. ஒரே நாளில் பாதியாக வெட்டினால் பூனை கத்தியே வீட்டைத் தோற்கடித்துவிடும்.

மீன், சோறு, பால்

தேங்காய்த்திட்டு, வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர்ப் பக்கத்து வீடுகளில் பூனை வளர்வதே மீனில்தான். மீன் கெட்டதல்ல. அது மட்டுமே உணவாக இருப்பதுதான் சிக்கல். மத்தி, கவலை, நெத்திலி போன்றவற்றைப் பச்சையாகவே தொடர்ந்து போடக் கூடாது, பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் அவற்றில் இருக்கிறது. வேக வைத்தால் அது போய்விடும். எண்ணெய்ச் சத்துள்ள மீனையே மாதக்கணக்கில் போட்டால் ஈ வைட்டமின் பற்றாமல் உடம்புக் கொழுப்பே வீங்கி வலியெடுக்கும் நோய் வரும். கலோரியும் மீனுக்கு மீன் மாறும். சதைப்பற்றான வெள்ளை மீன் 100 கிராமுக்கு 100 கலோரிதான். கொழுத்த மத்தி 150 முதல் 200 வரை போகும்.

சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. மீனில் பிசைந்த சோறுதான் பல பூனைகளைக் குண்டாக்குகிறது, சோற்றில் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து இல்லை, புரதமும் சொற்பம். குழம்புச் சோறு இன்னும் மோசம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டுத் தலை பிடிக்கும்தான், ஆனால் உப்பு, அறவே வேண்டாம்.

பால் விஷயத்தில் தயவே காட்டாதீர்கள். ஆவினோ பான்லேயோ, 6 சதவீதக் கொழுப்புள்ள பால் 100 மில்லியில் ஏறக்குறைய 90 கலோரி. 175 கலோரி பூனைக்கு அது பாதி நாள் சாப்பாடு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கும் ஆகும். காலையில் காபிக்குப் பால் காய்ச்சும்போது காலைச் சுற்றும் பூனைக்கு நாலு தீனித் துண்டு போடுங்கள், அதற்கு வேண்டியது அந்த நேரத்துக் கவனிப்புதான்.

எங்கள் பரிந்துரை இது: நாள் கலோரியில் பத்தில் ஒன்பது பங்கு, முழுமையான சரிவிகித உணவு என்று அச்சிட்ட பூனைத் தீனியிலிருந்து வரட்டும். மீதி ஒரு பங்குக்கு உப்பு, எண்ணெய், மசாலா இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீனோ கோழியோ கொடுக்கலாம், 4.5 கிலோ இலக்குப் பூனைக்கு அது 17 கலோரி, சுமார் 15 கிராம் வெள்ளை மீன். வசதி இருந்தால் கிரேவி பவுச் (சின்னப் பையில் வரும் ஈரத்தீனி) சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் எண்பது சதவீதத்துக்குப் பக்கம் தண்ணீர் என்பதால் வயிறு நிறையும், கலோரி ஏறாது. 60 கலோரி பவுச் என்றால் காலை ஒன்று, மாலை ஒன்று, மீதி 55-க்கு மேலே சொன்ன உலர்தீனி 17 கிராம். பவுச்சுக்கு வழியில்லை என்றால் உலர்தீனியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஊற வைத்துக் கொடுங்கள். ஈரமான எதையும் வெயில் காலத்தில் அரை மணிக்கு மேல் தட்டில் விடக் கூடாது. 'இண்டோர்', 'ஹேர்பால்' என்று போட்ட பாக்கெட்டெல்லாம் குறைந்த கலோரி என்று நம்பிவிடாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மீனிலேயே வளர்ந்த பூனையைத் தீனிக்கு மாற்றப் பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு புதிது, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால். வேகவைத்த மீன் தண்ணீரை இரண்டு ஸ்பூன் மேலே தெளித்தால் முகர்ந்துவிட்டுப் போகும் பூனையும் திரும்பி வரும். நம் கடற்கரைக்கு இதில் ஒரு காலக் கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் மீன் திடீரென்று நின்று, பூனை வேறெதையும் தொட மறுத்தால், மேலே சொன்ன கல்லீரல் ஆபத்து அங்கேதான் தொடங்கும். மீனிலேயே வளரும் பூனையை வைத்திருப்பவர்கள் மார்ச் மாதத்திலேயே தீனியைக் கலக்கத் தொடங்கிவிடுங்கள்.

ஒரு நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் உணவுக் கட்டுப்பாட்டை அப்போதே நிறுத்தி, பிடித்ததைக் கொடுத்து, மருத்துவரை அழையுங்கள். இரண்டாவது நாளும் சாப்பிடவில்லை என்றால் அது அவசர நிலை, காத்திருக்காதீர்கள்.

வீட்டில் எத்தனை கை ஊட்டுகிறது?

எடை குறையாத வீடுகளில் தப்பு பெரும்பாலும் கணக்கில் இருப்பதில்லை. அம்மா காலையில் போட்டிருப்பார், பிள்ளை பள்ளி விட்டு வந்து போட்டிருக்கும், பாட்டி யாருக்கும் தெரியாமல் ஒரு கவளம் வைத்திருப்பார். ஒவ்வொருவரும் "நான் கொஞ்சம்தான் போட்டேன்" என்பார்கள், அது உண்மையும்கூட. இதற்கு ஒரே மருந்து: காலையில் ஒருவர் அன்றைய மொத்தத் தீனியையும் நிறுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுவிட வேண்டும். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. பாட்டிக்கு ஊட்டாமல் மனசு கேட்காதென்றால் அவரிடமே டப்பாவைக் கொடுத்துவிடுங்கள். பாசமும் குறையாது, கலோரியும் கூடாது.

நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசி வேளை படுக்கப் போகும் முன். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பும் பூனைக்கு, எழுந்த உடனே போடாதீர்கள். பல் விளக்கி, வாசல் தெளித்து, அரை மணி கழித்துப் போட்டால் கத்துவதற்கும் தீனிக்கும் உள்ள தொடர்பு சில வாரத்தில் அறுந்துவிடும். நடுவில் ஒருநாள் பொறுக்காமல் போட்டுவிட்டால் மறுநாள் இன்னும் பலமாகக் கத்தும்.

இரண்டு பூனை இருந்தால் தனித்தனி அறையில் கதவை மூடி, இருபது நிமிடம். ஒல்லிப் பூனை மெதுவாகச் சாப்பிடும் என்றால், அது மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் அதன் தட்டை வையுங்கள். மாடி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும் பூனை என்றால், அந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்வதுதான் நல்லது: "டாக்டர் சொல்லியிருக்காருங்க, எதுவும் போடாதீங்க" என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தெருப் பூனைக்கு வாசலில் வைக்கும் தட்டையும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட வைப்பது

ஓட்டத்தால் மட்டும் பூனை இளைக்காது; தீனிதான் முக்கியம். ஆனால் சதை கரையாமல் இருக்கவும், சலிப்பில் தட்டருகே உட்காராமல் இருக்கவும் அசைவு வேண்டும். விளக்குமாற்று ஈர்க்குகள் நாலைச் சேர்த்துக் கட்டி, நுனியில் துணித்துண்டு முடிந்து தரையில் இழுங்கள். ஐந்து நிமிடம் போதும், நாளைக்கு மூன்று முறை, வெயிலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும். அக்னி நட்சத்திர நடுப்பகலில் வேண்டாம். வாயைத் திறந்து இரைத்தால் உடனே நிறுத்துங்கள். நூலையும் ரிப்பனையும் விட்டுவிட்டு நகராதீர்கள், விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

உலர்தீனியைத் தட்டில் போடுவதற்குப் பதில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தீனித் துண்டைவிட ஒன்றரை மடங்கு பெரிய துளை மூன்று போட்டு, ஓரத்தைச் சூடு காட்டி மழுக்கி, உள்ளே போட்டு உருட்ட விடலாம். முட்டை அட்டையின் குழிகளில் இரண்டிரண்டு துண்டாகப் போடுவது இன்னும் சுலபம். மாடிப்படி இருந்தால் ஒரு வேளைத் தீனியை மேலே வையுங்கள். படியேறும்போது தயங்கினாலோ நொண்டினாலோ மூட்டு வலி இருக்கலாம், ஏற்ற வேண்டாம். குண்டுப் பூனைக்கு முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்ய எட்டாது. அங்கே முடி சிக்குப் பிடிக்காமல் நீங்கள் சீவிவிட வேண்டும்.

எடை நின்றுவிட்டால்

இரண்டு வாரம் எடை அசையவில்லை என்றால் உடனே தீனியைக் குறைக்காதீர்கள். முதலில் டப்பாவுக்கு வெளியே எது உள்ளே போகிறது என்று தேடுங்கள். எதுவுமே இல்லை என்று உறுதியான பிறகு 5 முதல் 10 சதவீதம் மட்டும் குறையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவர் எழுதித் தரும் எடைக் குறைப்பு உணவுக்கு மாறுவதே சரி. குறைந்த கலோரியிலும் புரதமும் சத்தும் குறையாதபடி தயாரிப்பது அது. மாறாக, வாரத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் (6 கிலோவில் 120 கிராம்) சந்தோஷப்படாமல் தீனியைப் பத்து சதவீதம் கூட்டுங்கள்.

கருத்தடை ஆபரேஷன் செய்தால் குண்டாகும் என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அறுவைக்குப் பிறகு சக்தித் தேவை சுமார் கால் பங்கு குறையும், பசி கூடும், இரண்டும் உண்மை. புண் ஆறிய வாரத்திலிருந்தே தீனியை அந்தக் கால் பங்கு குறைத்து அளந்து போட்டால் போதும். அதற்காக ஆபரேஷனைத் தவிர்க்காதீர்கள்.

இலக்கு வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போய், எடை கூடாமலும் குறையாமலும் நிற்கும் அளவில் நிறுத்துங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை எடை போட்டால் போதும். 100 கிராம் ஏறியதும் அந்த வாரமே டப்பாவில் கை வையுங்கள், 500 கிராம் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.